ஆர்.கே.நகர் 2017: டெபாசிட் போன திமுகவைப் பற்றி அந்த முடிவு சொன்னதும் சொல்லாததும்

2017 டிசம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. ஜெயலலிதா மறைவால் காலியான ஆர்.கே.நகர் தொகுதியின் வாக்குகள் சென்னை ராணி மேரி கல்லூரியில் எண்ணப்பட்டன. சுயேச்சையாக பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி.தினகரனுக்கு 89,013 வாக்குகள். ஆளும் அதிமுகவின் இரட்டை இலையில் நின்ற இ.மதுசூதனனுக்கு 48,306. பிரதான எதிர்க்கட்சியான திமுகவின் மருதுகணேஷுக்கு 24,651. டெபாசிட்கூடத் தேறவில்லை.

ஜெயலலிதாவும் இல்லாத, கட்சியே இரண்டாக உடைந்த நிலையில் அதிமுகவை வெல்ல முடியாத திமுக இனி எப்போது வெல்லும் என்பதுதான் அன்று பரவலாக எழுந்த கேள்வி. கேள்வி நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் அதே திமுக கூட்டணி 17 மாதத்தில் தமிழ்நாட்டில் தேர்தல் நடந்த 38 மக்களவைத் தொகுதிகளில் 37-ஐ அள்ளியது. ஆர்.கே.நகரை உள்ளடக்கிய வட சென்னையில் கலாநிதி வீராசாமி வென்ற வித்தியாசம் 4,61,518. தினகரனின் புதுக்கட்சியான அமமுக ஓர் இடம்கூடப் பெறவில்லை.

ஆர்.கே.நகர் முடிவில் பொய் ஏதும் இல்லை. ஆளுங்கட்சியைப் பற்றி அது சொன்னது அப்படியே பலித்தது. எதிர்க்கட்சியைப் பற்றி அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிசகியது. ஏன் பிசகியது என்பதை எண்களை வைத்தே பார்க்கலாம்.

தொகுதியின் பழைய கணக்கு

எந்த இடைத்தேர்தல் முடிவையும் கையில் எடுக்கும்போது, வித்தியாசத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கட்சி அதே தொகுதியில் இதற்கு முன் வாங்கிய வாக்கு எண்ணிக்கையை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். விழுக்காடு அப்புறம். ஆர்.கே.நகரில் திமுகவின் வரிசை இது:

2011 பொதுத்தேர்தல்: 52,522
2015 இடைத்தேர்தல்: புறக்கணிப்பு
2016 பொதுத்தேர்தல்: 57,673
2017 இடைத்தேர்தல்: 24,651
2021 பொதுத்தேர்தல்: 95,763

2017-ஐ மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது சரிவு. வரிசையில் வைத்தால் இரண்டு தேர்தல்களில் 50 ஆயிரத்துக்கு மேல் நிலைத்து நின்ற ஒரு வாக்குத்தளம் ஒரே ஒரு முறை வெளியே போய்த் திரும்பியிருப்பது தெரிகிறது. அன்றைக்கு 2021 எண் யார் கையிலும் இல்லை, உண்மைதான். ஆனால் 2011, 2016 எண்கள் இருந்தன. 19 மாதத்தில் ஒரு கட்சியின் வாக்கு பாதிக்கும் கீழே இறங்கினால், வாக்காளர் கட்சியைக் கைவிட்டாரா, இந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் வேறு வேலை வைத்திருந்தாரா என்று கேட்க அதுவே போதும்.

அதிமுக பக்கத்து வரிசையும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். 2015 ஜூன் இடைத்தேர்தலில் முதல்வராக நின்ற ஜெயலலிதா 1,60,432 வாக்குகள் வாங்கினார். அடுத்து வந்த இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சி.மகேந்திரனுக்கு 9,710. பதினொரு மாதம் கழித்து, 2016 மே பொதுத்தேர்தலில் அதே ஜெயலலிதாவுக்கு அதே தொகுதியில் 97,218. முதல்வர் அதே முதல்வர், சின்னம் அதே சின்னம். 63 ஆயிரம் வாக்கு குறைந்தது. இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிக்குக் கூடுதலாக விழும் வாக்கு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

33 ஆயிரம் வாக்கு எங்கே போனது

2017 டிசம்பரில் தினகரனும் மதுசூதனனும் வாங்கியதைக் கூட்டினால் 1,37,319. பதிவான 1,76,885 வாக்குகளில் இது 77 விழுக்காட்டுக்கும் மேல். ஒன்றாக இருந்த அதிமுகவுக்கு ஜெயலலிதாவே நின்று வாங்கிய 97,218-ஐ விட, உடைந்த இரண்டு பாதிகள் சேர்ந்து 40,101 அதிகம் வாங்கியிருக்கின்றன. மொத்தம் பதிவான வாக்கோ 2016-லும் 2017-லும் கிட்டத்தட்ட ஒரே அளவு. திமுக இழந்தது 33,022.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போக்கு புரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. இவை நிகரக் கணக்குகள். திமுகவை விட்டுப் போன ஒவ்வொரு வாக்கும் தினகரனுக்குத்தான் போனது என்று இதை வைத்து நிறுவ முடியாது. சிறு கட்சிகளின் வாக்கும், பட்டியலில் வந்து போன பெயர்களும் இடையில் உண்டு. ஆனாலும் 33 ஆயிரம் பேரும் இலைக்குப் போயிருக்க வழியில்லை. இலையே பாதியாகிவிட்டதே. மிஞ்சுவது குக்கர்தான்.

திமுக வாக்காளர் ஒருவர் ஏன் தினகரனுக்குப் போட வேண்டும்? அந்தத் தேர்தலின் சூழலை நினைவில் கொண்டால் விடை கிடைக்கும். 2017 மார்ச்சில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஏப்ரல் 12-க்கு அறிவித்திருந்த வாக்குப்பதிவு, பணப் பட்டுவாடா புகாரால் ரத்தானது. அமைச்சர் ஒருவருக்குத் தொடர்புடைய இடங்களில் வருமான வரித்துறை நடத்திய சோதனையில் சிக்கிய ஆவணங்கள் அதற்கு அடிப்படையாயின. ஆகஸ்ட் 21-ல் எடப்பாடி பழனிசாமி, ஓ.பன்னீர்செல்வம் அணிகள் இணைந்தன. செப்டம்பர் 18-ல் தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் 18 பேர் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். நவம்பர் 23-ல் இலை இணைந்த அணிக்குக் கிடைத்தது. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாளான டிசம்பர் 20-ல் மருத்துவமனையில் ஜெயலலிதா இருக்கும் காணொளியைத் தினகரன் ஆதரவாளரான வெற்றிவேல் வெளியிட்டார். வாக்குப்பதிவு நாளான டிசம்பர் 21 அன்றே 2ஜி வழக்கில் ஆ.ராசா, கனிமொழி உள்ளிட்டோர் விடுதலையானார்கள். திமுகவுக்கு அதைவிடப் பெரிய நல்ல செய்தி அந்த ஆண்டில் இல்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் அது வாக்காக மாறியதற்கான தடயம் முடிவில் தெரியவில்லை.

மொத்தத்தில் அந்தத் தேர்தல், அதிமுக யாருக்கு என்று தீர்மானிக்கும் உட்கட்சிப் பஞ்சாயத்தாகவே நடந்தது. திமுக வென்றாலும் ஆட்சி மாறாது. பேரவையில் எதிர்வரிசையில் ஒரு நாற்காலி கூடும், அவ்வளவுதான். தினகரன் வென்றால் ஆட்சியாளர்களுக்கு நேரடி அடி. அரசு மீது கோபத்தில் இருந்தவருக்கு எந்தப் பொத்தான் வலிக்கும் என்று தெரிந்திருந்தது. பாஜக வேட்பாளருக்கு 1,417, நோட்டாவுக்கு 2,373 என்ற எண்களும் அந்தக் கோபம் எந்தத் திசையில் இருந்தது என்பதற்குத் துணைச் சாட்சி.

பணம் இல்லையா என்றால், குற்றச்சாட்டு எல்லாத் தரப்பின் மீதும் இருந்தது. 20 ரூபாய் நோட்டையே டோக்கனாகக் கொடுத்து, பின்னால் பெருந்தொகை தருவதாகச் சொன்னதாகத் தினகரன் தரப்பு மீது எழுந்த புகார் தமிழக அரசியல் பேச்சில் இன்றுவரை நிலைத்துவிட்டது. பணத்தை முழு விளக்கமாக ஏற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆளுங்கட்சியிடமும் பணம், அரசு இயந்திரம், சின்னம் மூன்றும் இருந்தன. அப்படியும் அது 40,707 வாக்கில் தோற்றது.

டெபாசிட் என்ற எல்லைக்கோடு

தலைப்புச் செய்தியாக மாறிய சொல் இது என்பதால் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. சட்டமன்றத் தேர்தலில் பொது வேட்பாளர் கட்டும் தொகை 10,000 ரூபாய். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் அது திரும்பக் கிடைக்கும். நோட்டா வாக்குகளைக் கழித்துவிட்டுத்தான் ஆறால் வகுக்க வேண்டும். பலர் தவறு செய்யும் இடம் இது. ஆர்.கே.நகரில் அந்த எல்லை சுமார் 29 ஆயிரம். மருதுகணேஷ் நாலரை ஆயிரம் வாக்கு அளவில் தவறவிட்டார். இன்னொரு ஐயாயிரம் வாக்கு வாங்கியிருந்தால் "திமுகவுக்கு மூன்றாம் இடம்" என்று மட்டும் செய்தி வந்திருக்கும். கட்சியின் உண்மையான பலத்தில் அதனால் எந்த வித்தியாசமும் இருந்திருக்காது.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. 2010 மார்ச்சில் பென்னாகரம் இடைத்தேர்தலில், அன்று எதிர்க்கட்சியாக இருந்த அதிமுக 26,787 வாக்குகளோடு பாமகவுக்கும் பின்னால் மூன்றாம் இடத்துக்குப் போய் டெபாசிட் இழந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஐந்து தொகுதி இடைத்தேர்தலை மொத்தமாகப் புறக்கணித்திருந்தது. திருமங்கலத்தில் 39 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றிருந்தது. 2011-ல் அதே அதிமுக கூட்டணி 203 இடங்களோடு ஆட்சியைப் பிடித்தது. பென்னாகரத்திலேயே அந்தக் கூட்டணியின் இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் வென்றார்.

இதனால் இடைத்தேர்தல் எதையுமே காட்டாது என்று ஆகிவிடாது. 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில், தொடங்கி ஏழு மாதமே ஆன அண்ணா திமுகவின் மாயத்தேவர் வென்றார். ஆளும் திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. 1977-ல் எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்தார். ஆளுங்கட்சி மூன்றாவதாகப் போவதும் எதிர்க்கட்சி மூன்றாவதாகப் போவதும் ஒரே எடையுள்ள செய்திகள் அல்ல. அதிகாரம், பணம், நிர்வாகம் எல்லாம் கையில் இருந்தும் தோற்பது அரிது. அரிதாக நடப்பதில்தான் தகவல் அதிகம்.

ஆர்.கே.நகரில் அந்த அரிய தகவல் இலைக்கு விழுந்த 48,306-ல் இருந்தது. 97,218 பாதியானது. 2019 மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்குத் தேனி ஒன்றுதான் மிஞ்சியது.

பக்கத்துத் தொகுதியே பதில் சொன்னது

ஆர்.கே.நகரை ஒட்டிய பெரம்பூரில் 2016-ல் வென்றவர் வெற்றிவேல், வெறும் 519 வாக்கு வித்தியாசத்தில். தகுதிநீக்கமான 18 பேரில் அவரும் ஒருவர். 2019 ஏப்ரல் 18 இடைத்தேர்தலில் அதே பெரம்பூரில் அமமுக சார்பில் நின்றார். ஆர்.கே.நகரில் தினகரனுக்குக் கிடைத்த அலை வட சென்னையின் நிரந்தரச் சாய்வாக இருந்திருந்தால் அங்கேயும் தெரிந்திருக்க வேண்டும். வெற்றிவேல் டெபாசிட் இழந்தார். திமுகவின் ஆர்.டி.சேகர் 68 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தெருவும் மக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி, இடைவெளி 16 மாதம். மாறியது தேர்தலின் பொருள்தான்: மோடி ஆட்சி தொடர வேண்டுமா, எடப்பாடி ஆட்சி நிலைக்க வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளும் அன்று ஒன்றாக வாக்குச்சாவடிக்குள் வந்தன.

அந்த 2019 சுற்று தனியாகவே ஆராயத்தக்கது. 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல். ஏப்ரல் 18-ல் 18, மே 19-ல் 4. அப்போது திமுக அணியின் பேரவை பலம் 97. பெரும்பான்மைக்கு 118 வேண்டும், அதாவது 22-ல் 21. வென்றது 13. அதிமுக 9 இடங்களைப் பிடித்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது.

ஏப்ரல் 18-ல் அந்த 18 தொகுதிகளின் வாக்காளர்கள் ஒரே சாவடியில், ஒரே வரிசையில் நின்று, மக்களவைக்கு ஒரு இயந்திரத்திலும் பேரவைக்கு இன்னொரு இயந்திரத்திலும் வாக்களித்தார்கள். அன்று அதிமுக வென்ற எட்டு பேரவைத் தொகுதிகள் சோளிங்கர், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், நிலக்கோட்டை, மானாமதுரை, பரமக்குடி, சாத்தூர், விளாத்திகுளம். இந்த எட்டும் அடங்கிய மக்களவைத் தொகுதிகள் அத்தனையும் திமுக கூட்டணிக்குப் போனவை. தூத்துக்குடியில் கனிமொழி 3.47 லட்சம் வித்தியாசத்தில் வென்ற அதே நாளில் அதற்குள் இருக்கும் விளாத்திகுளம் அதிமுகவுக்குப் போனது. தேனியில் தலைகீழ்: மக்களவை அதிமுகவுக்கு, அதற்குள் இருக்கும் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் திமுகவுக்கு. ஆண்டிபட்டியில் திமுகவின் மகாராஜன் தோற்கடித்தது அதிமுகவில் நின்ற தன் சொந்தச் சகோதரரை.

ஆக, ஒரே நாளில் ஒரே மக்களிடம் எதிர்க்கட்சிக்கு இரண்டு விதமான மதிப்பு இருக்க முடியும். ஒரு இடைத்தேர்தலை வைத்து "கட்சியின் செல்வாக்கு இவ்வளவு" என்று ஒரே எண்ணைச் சொல்வதில் உள்ள அடிப்படைக் கோளாறு இதுதான்.

விக்கிரவாண்டி, நாங்குநேரி: வித்தியாசம் மறைத்தது

மக்களவை வெற்றிக்கு ஐந்தே மாதத்தில், 2019 அக்டோபர் 21 இடைத்தேர்தலில், திமுக அணி தன் கையிலிருந்த இரண்டு தொகுதிகளையும் இழந்தது. விக்கிரவாண்டியில் வித்தியாசம் 44,924. திமுக அலை ஓய்ந்தது என்று மறுபடியும் எழுதப்பட்டது.

வாக்கு எண்ணிக்கையைப் பாருங்கள். விக்கிரவாண்டியில் திமுக 2016-ல் வென்றபோது வாங்கியது 63,757. 2019-ல் தோற்றபோது வாங்கியது 68,842. ஐயாயிரம் கூடியிருக்கிறது. அதிமுக 2016-ல் 56,845, தனித்து நின்ற பாமக 41,428, கூட்டினால் 98,273. 2019-ல் இரண்டும் ஓரணி, விழுந்தது 1,13,766. எதிரணியின் கூட்டணிக் கணக்கும் ஆளுங்கட்சிக்குரிய கூடுதலும் சேர்ந்து கொடுத்த வித்தியாசம் அது. திமுகவின் தளத்தில் ஓட்டை இல்லை. 2021-ல் பாமக அதே கூட்டணியில் இருக்க, அதே வேட்பாளர் புகழேந்தி அதே முத்தமிழ்ச்செல்வனை 9,573 வாக்கில் வென்றார்.

நாங்குநேரி வேறு கதை. அங்கே காங்கிரசின் வாக்கு உண்மையாகவே குறைந்தது: 2016-ல் 74,932, 2019-ல் 61,932. 2021-ல் 75,902. போன வாக்கு திரும்பியது. இரண்டு தொகுதியிலும் "படுதோல்வி" என்ற ஒரே சொல். ஆனால் ஒன்றில் தளம் வளர்ந்தது, மற்றொன்றில் தற்காலிகமாகச் சுருங்கியது. வித்தியாசத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

கணக்கு எங்கே தவறும்

வாக்குச்சாவடி வாரியான முடிவு படிவம் 20-ல் இருக்கிறது. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். சாவடி எண்ணை மட்டும் வைத்து இரண்டு தேர்தல்களை ஒப்பிடக் கூடாது. சாவடிகள் பிரிக்கப்படும்போதும் சேர்க்கப்படும்போதும் எண் நகர்ந்துவிடும்; பள்ளியின் பெயர், தெருப் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். ஆர்.கே.நகரில் 59 வேட்பாளர்கள், நோட்டாவோடு 60 பொத்தான்கள், ஒவ்வொரு சாவடியிலும் நான்கு வாக்குப்பதிவுப் பெட்டிகள். அத்தனை பெயருக்கும் படிவத்தில் பத்திகள் நீளும் என்பதால், வேண்டிய நான்கைந்து பத்திகளைத் தனியே எடுத்துக்கொள்வது பிழையைக் குறைக்கும்.

அடுத்தது வாக்காளர் பட்டியல். திமுக தொடுத்த வழக்கை ஒட்டி ஆர்.கே.நகரில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டன. ஏப்ரலில் 2.6 லட்சத்தைத் தாண்டியிருந்த பட்டியல் டிசம்பரில் 2,28,234 ஆனது. அதனால் வாக்குப்பதிவு 77 விழுக்காட்டைத் தாண்டி, பெரும் எழுச்சி போலத் தெரிந்தது. பதிவான வாக்கோ 2016-ஐ விடச் சில ஆயிரம்தான் கூடுதல். விழுக்காடு ஏறினால் முதலில் வகுக்கும் எண் மாறியதா என்று பார்த்துவிட வேண்டும்.

எதிர்க்கட்சி களத்திலேயே இல்லாத தேர்தலில் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட வேண்டியிருக்கிறது. ஈரோடு கிழக்கில் 2023 இடைத்தேர்தலில் அதிமுக 43,923 வாங்கியது. 2021-ல் அதன் இலையில் நின்ற தமாகா வேட்பாளர் வாங்கிய 58,396-ஐ விடக் குறைவு, ஆனால் நாலில் ஒரு பகுதி மட்டுமே போயிருந்தது. 2025 பிப்ரவரியில் அதே தொகுதியை அதிமுக புறக்கணித்தது. அந்த 43,923 பேர் என்ன செய்தார்கள்? 2023-ல் திமுக கூட்டணியில் காங்கிரசுக்கு விழுந்தது 1,10,156. 2025-ல் திமுகவுக்கு விழுந்தது 1,15,709, ஐந்தரை ஆயிரம் கூடுதல். நாம் தமிழர் 10,827-லிருந்து 24,151-க்குப் போனது, 13 ஆயிரம் கூடுதல். நோட்டாவுக்கு 6,109. இதையெல்லாம் கூட்டினாலும் 43,923-ஐ எட்டவில்லை. வாக்குப்பதிவும் 2023-ஐ விடக் குறைந்தது. நிகரக் கணக்கில் மிகச் சிறிய பகுதியே ஆளுங்கட்சிப் பக்கம் வந்திருக்கிறது. மிச்சத்தில் கணிசமானவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களைச் சாவடி வாரியாகக் கண்டுபிடிக்க, 2023-ல் இலை முன்னிலையிலோ நெருக்கத்திலோ இருந்த சாவடிகளில் 2025-ல் பதிவான மொத்த வாக்கு எவ்வளவு இறங்கியது என்பதை மற்றச் சாவடிகளின் இறக்கத்தோடு ஒப்பிட வேண்டும்.